கடிகாரத்தில் ஊசலைப் பூட்டிய ஹைகன்ஸ்

ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஒரகடம் வரை சாலையின் இரண்டு பக்கமும் தொழிற்சாலைகள். கார், லாரி, டயர், கண்ணாடி, கைப்பேசி என்று எத்தனையோ பொருள்கள் அங்கே உருவாகின்றன.

அங்கே எல்லாம் நேரப்படி நடக்கிறது. ஷிப்டு மாறும் வேளையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். ஐந்து நிமிடம் பிந்தினால் பஸ் போய்விடும்! எந்திரங்களோ வினாடிக் கணக்கில் ஓடுகின்றன.

அங்கே வேலை செய்கிறவர்களின் வீடுகளில் இப்போது கைப்பேசிதான் கடிகாரம். ஆனால் ஊரில் தாத்தா வீட்டுக்குப் போனால், கூடத்துச் சுவரில் ஒரு மரக் கடிகாரம் தொங்குவதைப் பார்க்கலாம். கண்ணாடிக் கதவு. வெள்ளைத் தட்டு. இரண்டு முள். கீழே பித்தளைக் குண்டு ஒன்று இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருக்கும். வாரத்துக்கு ஒரு முறை சாவி கொடுத்தால் போதும்.

இப்படிப்பட்ட பழைய கடிகாரங்களைத் தேடி வாங்கிச் சேர்க்கிறவர்கள் இன்று பலர். காரைக்குடியில் பழம்பொருள் கடைகளில் நுழைந்து, ஜெர்மனியில் செய்ததா, அமெரிக்காவில் செய்ததா என்று கதவைத் திறந்து பார்ப்பார்கள். பெயர் எதுவாக இருந்தாலும், உள்ளே ஆடுகிற குண்டு ஒன்றுதான்.

அந்தக் குண்டைக் கடிகாரத்தில் முதன்முதலாகப் பூட்டி, ஓட்டிக் காட்டியவர் யார்?

அவர் ஒரு டச்சுக்காரர். பெயர், கிறிஸ்டியான் ஹைகன்ஸ். கடலில் போகிறவர்களின் உயிரைக் காப்பாற்ற ஒரு கடிகாரம் செய்யவேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காக நாற்பது ஆண்டுகள் பாடுபட்டார். அந்த ஆசை நிறைவேறியதா? அவருடைய கதையைப் பார்ப்போம்.

பெரிய இடத்துப் பிள்ளை

ஹாலந்து நாட்டில், தி ஹேக் என்ற நகரில், 1629-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி ஹைகன்ஸ் பிறந்தார்.

அவருடைய தந்தை கான்ஸ்டன்டைன் ஹைகன்ஸ், அந்த நாட்டை ஆண்ட ஆரஞ்சு இளவரசர்களுக்குச் செயலாளர். சிறந்த கவிஞர். பல மொழிகள் தெரிந்தவர். ஓவியர் ரெம்பிராண்டின் இளமைக் காலத்தில் அவரை ஆதரித்தவர். தத்துவ ஞானி டெகார்ட், அவர் வீட்டுக்கு வந்துபோகும் நண்பர்.

தாயார் பெயர் சூசன்னா. நான்கு ஆண் பிள்ளைகள். கடைசியில் ஒரு பெண் குழந்தை. அந்தப் பெண் பிறந்த சிறிது காலத்தில், 1637-ல், தாயார் இறந்துவிட்டார். அப்போது இரண்டாவது மகனான கிறிஸ்டியானுக்கு வயது எட்டு.

தந்தை பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. வீட்டிலேயே ஆசிரியர்களை வைத்துப் படிக்கச் செய்தார். லத்தீன், பிரெஞ்சு, கணக்கு, இசை எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். சிறுவன் கிறிஸ்டியானுக்குப் புத்தகத்தைவிடக் கருவிகளில் ஆசை அதிகம். சின்னச் சின்ன எந்திரங்கள் செய்து விளையாடுவான். கடைசல் எந்திரம் ஒன்று கிடைத்ததும், அதில் மரத்தைக் கடைந்துகொண்டிருப்பான்.

தனக்குப் பிறகு மகன் அரசாங்கத் தூதர் ஆகவேண்டும் என்பது தந்தையின் விருப்பம். ஆகவே 1645-ல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க அனுப்பினார். மகன் சட்டமும் படித்தான், கணிதமும் படித்தான். கணிதத்தில்தான் மனம் ஒட்டியது. அதைக் கண்ட தந்தை வருந்தவில்லை. பழைய காலத்துக் கிரேக்க மேதை ஆர்க்கிமிடீசுக்குத் தன் மகனை ஒப்பிட்டுப் பெருமைப்பட்டார்.

சனிக் கிரகத்தின் வளையம்

படிப்பு முடிந்ததும் ஹைகன்ஸ் உத்தியோகம் தேடவில்லை. குடும்பத்தில் வசதி இருந்தது. அண்ணன் கான்ஸ்டன்டைனுடன் சேர்ந்து கண்ணாடி தேய்க்கத் தொடங்கினார். எதற்கு? டெலஸ்கோப் செய்வதற்கு!

கடையில் கிடைத்த டெலஸ்கோப்புகள் அவருக்குத் திருப்தி தரவில்லை. ஆகவே சகோதரர்கள் இருவரும் தங்கள் கையாலேயே கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்து மெருகு ஏற்றினார்கள்.

1655-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி இரவு, அந்த டெலஸ்கோப்பைச் சனிக் கிரகத்தை நோக்கித் திருப்பினார். அருகே ஒரு புள்ளி தெரிந்தது. நாள்தோறும் பார்த்தார். அந்தப் புள்ளி சனியைச் சுமார் 16 நாளில் ஒரு தடவை சுற்றி வருவதைக் கண்டார். அது சனியின் சந்திரன்! பிற்காலத்தில் அதற்கு டைட்டன் என்று பெயர் வைத்தார்கள்.

சனியின் இரு புறமும் காது போல எதுவோ ஒட்டிக்கொண்டிருப்பதை 1610-ல் கலிலியோ பார்த்திருந்தார். அது என்னவென்று யாருக்கும் விளங்கவில்லை. அது சனியைத் தொடாமல் சுற்றி நிற்கும் ஒரு தட்டையான வளையம் என்று ஹைகன்ஸ் கண்டுபிடித்துச் சொன்னார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை.

நட்சத்திரங்களைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. எந்த நேரத்தில் எது எங்கே தெரிந்தது என்று குறிக்கவேண்டும். அதற்கு நல்ல கடிகாரம் வேண்டும். அந்தக் கடிகாரம் உலகத்தில் எங்கேயும் இல்லை!

பொய் சொன்ன கடிகாரங்கள்

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் கடிகாரங்கள் இல்லாமல் இல்லை. கோபுரங்களில் பெரிய கடிகாரங்கள் இருந்தன. பணக்காரர் வீடுகளில் சிறிய கடிகாரங்கள் இருந்தன. ஆனால் அவை ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் வரை முந்தும், அல்லது பிந்தும். சூரிய நிழலைப் பார்த்து முள்ளை அடிக்கடி திருப்பி வைக்கவேண்டும். நிமிட முள் பெரும்பாலான கடிகாரங்களில் கிடையாது. இருந்தாலும் அதனால் பயன் என்ன?

இந்தத் தவறுக்குக் காரணம் என்ன?

கடிகாரத்தைக் கனமான ஒரு குண்டோ அல்லது ஒரு சுருள்வில்லோ இழுத்து ஓட்டுகிறது. தடை இல்லாவிட்டால் சக்கரங்கள் கடகடவென்று ஓடி ஒரு நிமிடத்தில் நின்றுவிடும். ஆகவே, ஒவ்வொரு பல்லாக விடுவதற்கு ஒரு காவல்காரன் வேண்டும். பழைய கடிகாரங்களில் ஒரு குறுக்குக் கம்பி அந்த வேலையைச் செய்தது. ஆனால் அந்தக் கம்பிக்குச் சொந்தமாக ஒரு தாளம் கிடையாது. சக்கரம் வேகமாகத் தள்ளினால் அதுவும் வேகமாக ஆடும். மெதுவாகத் தள்ளினால் மெதுவாக ஆடும். எண்ணெய் காய்ந்தால் ஒரு நேரம், குளிர் வந்தால் வேறு நேரம்!

சொந்தத் தாளம் உள்ள காவல்காரன் வேண்டும். அவன் யார்?

ஊஞ்சல் சொன்ன பாடம்

வேப்ப மரத்தில் கட்டிய ஊஞ்சலைப் பாருங்கள். சிறு பிள்ளை உட்கார்ந்து ஆடினாலும், பெரியவர் உட்கார்ந்து ஆடினாலும், ஒரு தடவை போய்வர ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகும். நேரத்தைத் தீர்மானிப்பது கயிற்றின் நீளம். ஆடுகிறவரின் எடை அல்ல. நீளக் கயிறு மெதுவாக ஆடும். குட்டைக் கயிறு வேகமாக ஆடும்.

இந்த உண்மையை ஆராய்ந்து சொன்னவர் இத்தாலி நாட்டுக் கலிலியோ. அவர் தமது கடைசி நாட்களில், கண் பார்வை போன பிறகு, ஊசலைக் கடிகாரத்தில் பயன்படுத்த ஒரு வழி யோசித்தார். 1641-ல் அதைத் தம் மகனிடம் விளக்கினார். மறு ஆண்டே கலிலியோ இறந்துவிட்டார். மகனும் அதை முடிக்காமலே இறந்தார். அந்தச் செய்தி வெளி உலகத்துக்குத் தெரியவில்லை.

ஹைகன்ஸ் தாமாகவே அந்த வழியைக் கண்டார். 1656-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அவருடைய முதல் ஊசல் கடிகாரம் ஓடியது. அப்போது அவருக்கு 27 வயது.

அவர் செய்தது இதுதான். குறுக்குக் கம்பியை எடுத்துவிட்டார். அந்த இடத்தில் ஊசலைப் பூட்டினார். ஊசல் தன் தாளத்தில் ஆடுகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சக்கரத்தின் ஒரு பல்லை விடுகிறது. பல் நகரும்போது ஊசலுக்குச் சிறு தள்ளு கொடுக்கிறது. அதனால் ஊசல் நிற்காமல் ஆடுகிறது. ஊஞ்சலுக்குப் பின்னால் நிற்கும் அக்காள், அது திரும்பி வரும்போது விரலால் மெல்லத் தள்ளுவதைப் போல!

பலன் என்ன தெரியுமா? நாளுக்கு 15 நிமிடம் தவறிய கடிகாரம், நாளுக்குச் சுமார் 15 வினாடி மட்டுமே தவறியது.

ஊர் ஊராகப் பரவியது

தி ஹேக் நகரில் சலமோன் கோஸ்டர் என்ற கடிகாரக்காரர் இருந்தார். அவர் கையில் ஹைகன்ஸ் வேலையை ஒப்படைத்தார். 1657-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி கோஸ்டருக்கு அரசாங்கம் செய்யும் உரிமை கொடுத்தது. அந்த ஆண்டு கோஸ்டர் செய்த கடிகாரம் ஒன்று, லெய்டன் நகரின் போர்ஹாவே மியூசியத்தில் இருக்கிறது. சுவரில் தொங்கவிடும் சின்னக் கடிகாரம் அது. இன்றைய சுவர்க் கடிகாரங்களுக்கெல்லாம் அதுதான் பாட்டன்!

லண்டனில் இருந்த ஒரு கடிகாரக்காரர் தம் மகனையே கோஸ்டரிடம் வேலைக்கு அனுப்பினார். அவன் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினான். 1658-ல் லண்டனிலும் ஊசல் கடிகாரம் விற்பனைக்கு வந்துவிட்டது.

புகழோடு வம்பும் வந்தது. வேறு கடிகாரக்காரர்கள், இது தங்கள் யோசனை என்றார்கள். இத்தாலியில் இருந்து, கலிலியோதான் முதலில் யோசித்தவர் என்று கடிதம் வந்தது. கலிலியோவின் பெயரைத் திருடியவர் என்ற பழி தம்மீது விழுமோ என்று ஹைகன்ஸ் மனம் நொந்தார். கலிலியோவின் முயற்சி தமக்குத் தெரியாது என்று விளக்கினார். அத்தகைய பெரியவருக்கும் தோன்றிய யோசனை தமக்கும் தோன்றியதில் பெருமை கொண்டார்.

இன்று சரித்திரம் இரண்டு பேருக்கும் இடம் கொடுக்கிறது. யோசனை சொன்னவர் கலிலியோ. ஓட்டிக் காட்டியவர் ஹைகன்ஸ்.

வண்டிச் சக்கரத்தின் கோடு

ஊசல் ஆடும் நேரம் எப்போதும் ஒன்றே என்று கலிலியோ நம்பினார். அதில் ஒரு சிறு தவறு இருந்தது. ஊசல் அகலமாக ஆடினால் சிறிது அதிக நேரம் எடுக்கும். குறுகலாக ஆடினால் சிறிது குறைந்த நேரம் எடுக்கும்.

அப்படியானால், எப்படி ஆடினாலும் ஒரே நேரம் ஆகும் பாதை ஏதாவது உண்டா? 1659-ம் ஆண்டு டிசம்பரில் ஹைகன்ஸ் அதைக் கண்டுபிடித்தார்.

மாட்டு வண்டிச் சக்கரத்தின் விளிம்பில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வையுங்கள். வண்டி ஓடும்போது அந்தப் புள்ளி எழுந்து, வளைந்து, மறுபடி தரையைத் தொடும். அது போகும் பாதை ஒரு வில் போல இருக்கும். அந்த வில்லைத் தலைகீழாகத் திருப்பினால், அதுதான் அந்த அதிசயப் பாதை! ஊசல் கட்டிய நூலின் இரு புறமும் வளைந்த தகடு வைத்து, குண்டை அந்தப் பாதையில் ஆட வைத்தார்.

கணிதம் படித்தவர்கள் அதைக் கண்டு வியந்தார்கள். பிறகு வந்த கடிகாரக்காரர்கள் அதைவிட எளிய வழி ஒன்றைக் கண்டார்கள். நங்கூரம் போன்ற ஒரு துண்டை வைத்து, ஊசலை மிகக் குறுகலாக ஆட வைத்தார்கள். குறுகலாக ஆடினால் தவறு மிகக் குறைவு. தாத்தா வீட்டு மரக் கடிகாரத்தில் இருப்பதும் அந்த நங்கூரம்தான்.

கடல் கேட்ட கேள்வி

வீட்டுக்குக் கடிகாரம் வந்துவிட்டது. ஆனால் ஹைகன்சின் மனம் கடலில் இருந்தது.

ஹாலந்து, கப்பலால் வாழ்ந்த நாடு. அதன் கப்பல்கள் நம் பழவேற்காட்டுக்கும் நாகப்பட்டினத்துக்கும்கூட வந்தன. நடுக்கடலில் போகும் மாலுமிக்குத் தெற்கு வடக்கு தெரியும். சூரியனின் உயரத்தைப் பார்த்து அதைக் கணக்கிடலாம். ஆனால் கிழக்கு மேற்கில் எவ்வளவு தூரம் வந்தோம் என்று தெரியாது. தவறாக மதிப்பிட்டுப் பாறையில் மோதி மூழ்கிய கப்பல்கள் எத்தனையோ! கரை தெரியாமல் அலைந்து, தண்ணீர் தீர்ந்து செத்தவர்கள் எத்தனையோ பேர்!

இதற்கு மருந்து கடிகாரம். எப்படி?

பூமி 24 மணி நேரத்தில் ஒரு சுற்று, அதாவது 360 பாகை சுற்றுகிறது. ஒரு மணிக்கு 15 பாகை. லண்டனில் நடுப்பகல் 12 மணி என்றால், சூரியக் கணக்குப்படி சென்னையில் மாலை மணி 5-21. புறப்பட்ட ஊரின் நேரத்தைக் காட்டும் ஒரு கடிகாரம் கப்பலில் இருந்தால் போதும். கப்பலில் உச்சி வெயில் வரும்போது அந்தக் கடிகாரத்தைப் பார்க்கவேண்டும். இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசம், கப்பல் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடும். நான்கு நிமிட வித்தியாசம் ஒரு பாகை. கடிகாரம் தவறினால் கப்பலும் தவறும்!

1664-ல் ராபர்ட் ஹோம்ஸ் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவர், ஹைகன்ஸ் முறையில் செய்த இரண்டு ஊசல் கடிகாரங்களுடன் ஆப்பிரிக்கக் கரைக்குப் போனார். கடிகாரம் சொன்னதை நம்பியதால் தமது கப்பல்கள் தப்பின என்று திரும்பி வந்து அறிவித்தார். ஹைகன்ஸ் ஆனந்தம் அடைந்தார். அந்த அறிக்கையில் மிகைப்படுத்தல் இருந்தது என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

நோய்ப் படுக்கையில் ஒரு காட்சி

1665-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். ஹைகன்ஸ் உடல் நலம் இன்றிப் படுக்கையில் இருந்தார். அறையில் கடற்பயணத்துக்கு என்று செய்த இரண்டு கடிகாரங்கள் அருகருகே ஒரே மர உத்திரத்தில் தொங்கின. அவற்றையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

என்ன அதிசயம்! இரண்டு ஊசல்களும் ஒன்றுக்கு ஒன்று எதிர்த் திசையில், இம்மியும் பிசகாமல் ஆடின. ஒன்று இடப்பக்கம் போனால் மற்றது வலப்பக்கம் போயிற்று. ஒன்றைக் கையால் கலைத்துவிட்டார். அரை மணி நேரத்துக்குள் மறுபடி ஒன்று சேர்ந்துகொண்டன! ஒன்றைத் தூரத்தில் கொண்டுபோய் வைத்தார். இசைவு போய்விட்டது.

முதலில், காற்றின் அசைவுதான் காரணம் என்று நினைத்தார். பிறகு உண்மையைக் கண்டார். ஊசல் ஆடும்போது உத்திரம் கண்ணுக்குத் தெரியாத அளவு அசைகிறது. அந்த அசைவு வழியாக ஒரு கடிகாரம் மற்றதோடு பேசுகிறது!

இந்தக் கண்டுபிடிப்பு இன்று விஞ்ஞானிகளுக்குப் பெரிய பாடம். ஆனால் அன்று அது கெட்ட செய்தியாக முடிந்தது. உத்திரத்தின் அசைவுக்கே கட்டுப்படும் ஊசல், புயலில் ஆடும் கப்பலில் என்ன ஆகும் என்று லண்டன் அறிஞர்கள் சந்தேகப்பட்டார்கள்.

எதிரி நாட்டில் சம்பளம்

1666-ல் பிரெஞ்சு மன்னர் 14-ம் லூயி, பாரிசில் ஒரு விஞ்ஞானக் கழகத்தைத் தொடங்கினார். அதற்கு ஹைகன்ஸ் அழைக்கப்பட்டார். பெரிய சம்பளம். அரசரின் நூல் நிலையக் கட்டடத்தில் வீடு. ஐரோப்பா முழுவதும் அவர் பெயர் பரவியது. பாரிசுக்கு வந்த லைப்னிட்ஸ் என்ற ஜெர்மன் இளைஞருக்குக் கணிதத்தில் வழி காட்டினார். அந்த இளைஞர் பிற்காலத்தில் உலக மேதை ஆனார்.

1672-ல் இடி விழுந்தது. 14-ம் லூயியின் படை ஹாலந்துக்குள் புகுந்தது! ஹைகன்சின் தந்தையும் அண்ணனும் ஹாலந்தின் இளவரசருக்குச் சேவகம் செய்கிறார்கள். ஹைகன்சோ படையெடுத்த மன்னரின் சம்பளத்தில் பாரிசில் இருக்கிறார். தி ஹேக் நகரில் கலகக் கூட்டம், நாட்டின் தலைவராக இருந்த யோகன் டி விட்டைக் கொன்றது. அவரும் ஒரு கணித அறிஞர், ஹைகன்சுக்குத் தெரிந்தவர்.

ஊருக்குத் திரும்புவதா? பாரிசிலேயே இருப்பதா? ஹைகன்ஸ் பாரிசிலேயே இருந்தார். 1673-ல் ஊசல் கடிகாரத்தைப் பற்றிய தமது பெரிய நூலை வெளியிட்டார். பதினாறு ஆண்டு உழைப்பின் பலன் அது. ஊசலின் நீளத்துக்கும் அது ஆடும் நேரத்துக்கும் உள்ள கணக்கு, சுற்றும் பொருள் வெளியே இழுக்கும் விசை எல்லாம் அதில் இருந்தன. அந்த நூலை யாருக்குக் காணிக்கை ஆக்கினார்? 14-ம் லூயிக்கு! நாடு நெருப்பில் இருந்தபோது இப்படிச் செய்யலாமா என்ற கேள்வி அவரைத் தொடர்ந்தது. அறிவுக்கு எல்லை கிடையாது என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் நாடுகளுக்கு எல்லை இருந்தது.

மனமும் உடலும் வாடின. 1670-லேயே கடும் நோய் வந்தது. 1676-ல் மீண்டும் வந்தது. 1681-ல் மூன்றாம் முறை வந்தபோது ஓய்வுக்காக ஹாலந்துக்குப் போனார். அவரை ஆதரித்த அமைச்சர் கோல்பேர் 1683-ல் இறந்தார். 1685-ல் 14-ம் லூயி, புராட்டஸ்டண்டு மதத்தினருக்கு இருந்த உரிமைகளை ரத்து செய்தார். ஹைகன்ஸ் புராட்டஸ்டண்டு. பாரிசின் கதவு அவருக்கு மூடிவிட்டது.

சுருள்வில் என்ற இரண்டாம் பிள்ளை

பாரிசில் இருந்தபோது, 1675-ல், அவர் இன்னொன்றும் செய்தார். ஊசலுக்குப் பதிலாக ஒரு சிறு சக்கரம். அதோடு தலைமுடி போன்ற மெல்லிய சுருள்வில். வில் சுருங்கி விரியும்போது சக்கரம் முன்னும் பின்னும் ஆடும். அதற்கும் சொந்தத் தாளம் உண்டு! சாய்த்தாலும் படுக்கவைத்தாலும் ஆடும். சட்டைப்பையில் வைக்கும் கடிகாரம் நம்பத் தகுந்தது ஆனது அதனால்தான். சாவி கொடுக்கும் கைக்கடிகாரங்களில் இருப்பதும் அதே சுருள்வில்.

இதற்கும் சண்டை வந்தது. இந்த யோசனை தமக்கு முன்பே தோன்றியது என்று லண்டனில் ராபர்ட் ஹூக் கோபம் கொண்டார். ஹைகன்சுக்கு வேலை செய்த பாரிஸ் கடிகாரக்காரரும் பங்கு கேட்டார். ஹைகன்ஸ் மறுபடியும் மனம் நொந்தார்.

கடைசி முயற்சி

கடல் ஆசை அவரை விடவில்லை. 1686-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலில் அவருடைய ஊசல் கடிகாரங்கள் ஆப்பிரிக்காவின் தென் முனைக்குப் போயின. மறு ஆண்டு திரும்பி வந்தன. குறிப்புகளை வைத்துக் கப்பல் வந்த வழியைக் கணக்கிட்டார். அந்தக் கணக்குப்படி, கப்பல் அயர்லாந்து, ஸ்காட்லாந்து நிலப்பகுதியின் மேலே வந்திருக்கவேண்டும்! கப்பல் தரையில் போகுமா?

ஹைகன்ஸ் சோர்ந்து உட்காரவில்லை. பழைய செய்தி ஒன்று அவர் நினைவில் இருந்தது. பிரெஞ்சு விஞ்ஞானி ரிஷே 1672-ல் பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ள கயேன் என்ற ஊருக்குப் போனார். பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பிந்தியது. காரணம், பூமி சுற்றுவதால் பூமத்திய ரேகைப் பக்கம் இழுப்பு சிறிது குறைகிறது. இழுப்பு குறைந்தால் ஊசல் மெதுவாக ஆடும்.

அந்தத் திருத்தத்தைச் சேர்த்து மறுபடி கணக்கிட்டார். கப்பலின் பாதை கடலுக்கு வந்து சேர்ந்தது!

ஆனால் 1690-ல் தொடங்கிய அடுத்த பயணம் அவ்வளவு நன்றாக அமையவில்லை. அலையில் ஆடும் கப்பலுக்கு ஊசல் ஏற்றது அல்ல என்பது உறுதி ஆயிற்று. அவர் உயிரோடு இருந்தவரை கடல் கடிகாரம் வெற்றி அடையவில்லை.

தனிமையில் முடிந்த வாழ்வு

1687-ல் தந்தை, தொண்ணூறு வயதில் இறந்தார். 1689-ல் ஹைகன்ஸ் லண்டனுக்குப் போய் நியூட்டனைச் சந்தித்தார். 1690-ல், ஒளி அலையாகப் பரவுகிறது என்று விளக்கும் நூலை வெளியிட்டார். அது நியூட்டனின் கருத்துக்கு மாறானது. நியூட்டனின் புகழுக்கு முன் அந்த நூல் நூறு ஆண்டுகளுக்கு மேல் மங்கிக் கிடந்தது. பிறகுதான் அதன் பெருமையை உலகம் உணர்ந்தது.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தந்தை கட்டிய ஹாப்விக் என்ற சிறு மாளிகையில், சுற்றிலும் நீர் சூழ்ந்த இடத்தில், பெரும்பாலும் தனியாக இருந்தார். கடைசியாக, மற்ற கிரகங்களிலும் உயிர்கள் இருக்கலாம் என்று ஒரு நூல் எழுதினார். அச்சில் பார்ப்பதற்கு முன் நோய் முற்றியது. 1695-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி, 66-வது வயதில், பிறந்த ஊரான தி ஹேக்கிலேயே காலமானார். தந்தை அடக்கமான கோவிலிலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள். ஹாப்விக் மாளிகை இப்போது மியூசியமாக இருக்கிறது.

தோல்வியா, வெற்றியா?

கடல் கடிகாரத்தை முடித்தவர், ஜான் ஹாரிசன் என்ற ஆங்கிலேயத் தச்சர். 1759-ல் அவர் செய்து முடித்த கடிகாரத்தில் ஊசல் இல்லை. சுருள்வில்லோடு ஆடும் சக்கரம்தான் இருந்தது. அது ஹைகன்சின் இரண்டாம் பிள்ளை! மூத்த பிள்ளையால் முடியாததை இளைய பிள்ளை முடித்துவைத்தது.

நிலத்தில் ஊசலுக்கு எதிரி இல்லை. 1920-களில் குவார்ட்ஸ் கடிகாரம் வரும் வரை, ஏறக்குறைய 270 ஆண்டுகள் ஊசல்தான் உலகத்துக்கு நேரம் சொன்னது.

சென்னைக்கும் அது வந்தது. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வான ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. அங்கே கணித்த சென்னை நேரம், பிற்காலத்தில் இந்திய ரயில்களுக்கெல்லாம் நேரமாக இருந்தது. 1821-ல் அந்த நிலையத்தின் கோல்டிங்காம், ஊசலை ஆட்டிப் பூமியின் இழுப்பை அளந்தார். ஷெல்டன் என்ற லண்டன் கடிகாரக்காரர் செய்த ஊசல் கடிகாரம் ஒன்றும் அங்கே இருந்தது. கடலோடி கேப்டன் குக் கொண்டுபோனதும் அதே ஷெல்டன் செய்த கடிகாரம்தான். சென்னையில் இருந்த அந்தக் கடிகாரம் பின்பு கொடைக்கானல் வான ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

2005-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி, மனிதன் அனுப்பிய ஒரு விண்கலம் டைட்டனில் போய் இறங்கியது. அந்தக் கலத்துக்கு வைத்த பெயர், ஹைகன்ஸ்!

வீட்டில் கடிகாரம் இருந்தால்

தாத்தாவின் கடிகாரம் நின்றுபோனால் உடனே பழைய சாமான்காரரைக் கூப்பிடவேண்டாம். சாவி கொடுத்து, ஊசலை ஆட்டிவிட்டுக் காதைக் கொடுங்கள். டிக், டக் இரண்டும் சம இடைவெளியில் கேட்கவேண்டும். நொண்டுவது போலக் கேட்டால் கடிகாரம் கோணலாகத் தொங்குகிறது. பெட்டியைச் சிறிது இடமோ வலமோ நகர்த்தினால் சரியாகும்.

கடிகாரம் பிந்துகிறதா? குண்டின் கீழே உள்ள சிறு திருகை மேலே ஏற்றுங்கள். முந்துகிறதா? கீழே இறக்குங்கள். ஒரு நாள் விட்டுப் பார்த்து மறுபடி திருகவேண்டும். கோடையில் கம்பி நீண்டு கடிகாரம் பிந்துவது இயல்பு. ஆடாத கெட்டிச் சுவரில் மாட்டவேண்டும். இரண்டு கடிகாரத்தை ஒரே பலகையில் மாட்டக் கூடாது. ஏன் என்பது ஹைகன்ஸ் நோய்ப் படுக்கையில் கண்ட காட்சியைப் படித்தவர்களுக்குத் தெரியும்!